சாம்பலுக்கு அனுப்பிய ஸ்வெட்டர்

நவம்பர் 6

ஓநாயை ஏற்றிக்கொண்டு போன அக்காவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் பச்சை ஜாக்கெட் போட்டிருந்தீர்கள். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது உங்கள் விரல் கம்பிக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. நீங்கள் கத்தவில்லை. கையை உதறிவிட்டு, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டீர்கள். கத்தினால் அவன் பயந்துவிடுவான் என்றுதான் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். வண்டிக் கதவில் சரணாலயத்தின் முகவரி இருந்தது. நீங்கள் கிளம்பும்வரை அதைத் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

நான் அந்த லாரி பட்டறைக்காரரின் மகள். டயர் அடுக்கிய இடத்தில் பள்ளிச் சீருடையில் நின்றது நான்தான். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். மரியாதை இல்லாத பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு கேள்விதான். சாம்பல் சாப்பிட்டானா? சாம்பல் என்பது நான் வைத்த பெயர். அன்று காலையிலிருந்தே அவன் வயிறு காலி.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. உங்கள் சரணாலயத்தின் போன் எண்ணுக்கு அவன் படத்தை அனுப்பியது நான்தான். தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லாதீர்கள், உங்கள் மேலதிகாரியிடம்கூட. யார் சொன்னது, யார் சொன்னது என்று அப்பா மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார். நேற்று சாப்பிடும்போது, "கூடவே இருந்து குழி பறிச்சவன் எவன்னு தெரியட்டும்" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இதைக் குளியலறையில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற கதவு இது ஒன்றுதான். அம்மா இரண்டு தடவை தட்டிவிட்டாள். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன்.

பதில் எழுதினால் வீட்டுக்கு எழுத வேண்டாம். உறையின் பின்புறம் ஒரு ஜெராக்ஸ் கடை முகவரி இருக்கிறது. அது என் தோழியின் வீட்டுக் கடை. எங்கே போனாலும் என்னோடு ஒட்டிக்கொண்டே வருவதால் வகுப்பில் அவளைக் கோந்து என்று கூப்பிடுவோம். அவள் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

இப்படிக்கு,
டயர் பக்கம் நின்றவள்


நவம்பர் 13

டயர் பக்கம் நின்ற தங்கச்சிக்கு,

எனக்குக் கடிதம் எழுதி வராது. இங்கே நான் எழுதுவதெல்லாம் 'எண் ஒன்பது, இரண்டு கிலோ, மிச்சம் இல்லை, கழிவு சரி' என்பதுதான். அந்த மாதிரியே எழுதினால் பொறுத்துக்கொள்.

உன் ஓநாய்க்கு இங்கே எண் பதினேழு. நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. பத்து நாளாகத் தண்ணீர் மட்டும். கோழி வைத்தேன், ஈரல் வைத்தேன், ஒரு நாள் என் சொந்தச் சாப்பாட்டையே வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓநாய்கள் பட்டினி தாங்கும். ஆனால் இவன் ஏற்கெனவே எலும்பும் தோலும்.

கோரைப் பற்கள் நான்கில் மூன்று பாதிக்கு மேல் உடைந்திருக்கின்றன. கம்பியைக் கடித்துக் கடித்து உடைந்தவை. கழுத்தில் சங்கிலிப் புண் ஆறி வருகிறது. அவனுக்குக் கொடுத்திருக்கும் இடம் பெரியது, மரம் இருக்கிறது, மேடு இருக்கிறது. ஆனால் அவன் நான்கு எட்டு நடக்கிறான், திரும்புகிறான், நான்கு எட்டு நடக்கிறான், திரும்புகிறான். உங்கள் வீட்டுக் கூண்டின் நீளம் நான்கு எட்டு என்று நினைக்கிறேன்.

எனக்குச் சில விவரம் வேண்டும். அவனுக்கு யார் சாப்பாடு போட்டது? எப்போது? எதில்? சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே.

விரல் பரவாயில்லை. நகம் கறுத்துவிட்டது, விழுந்துவிடும். நீ அனுப்பிய படத்தைப் பற்றி நான் யாரிடமும் பேச மாட்டேன்.

அக்கா


நவம்பர் 18

அக்காவுக்கு,

நான்கு எட்டு என்று படித்ததும் பட்டறைக்குப் போய்க் காலிக் கூண்டை அளந்து பார்த்தேன். என் காலால் ஐந்து. அவன் காலால் நான்குதான் இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் அவனை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். நாய்க்குட்டி என்று சொல்லித்தான் அப்பாவிடம் கொடுத்தார். அப்போது அவன் அப்பாவின் பழைய சட்டைக்குள் தூங்குவான். அப்பா கிரீஸ் கையோடு வந்து, விரலைப் பாலில் நனைத்து அவன் வாயில் வைப்பார். அப்பா முதலிலிருந்தே மோசம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அதற்காகச் சொன்னேன்.

வளர்ந்ததும் நாய் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு டிரைவர்கள் அவனைப் பார்ப்பதற்கென்றே எங்கள் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்குப் பெருமை. கம்பிகளை வெட்டிக் கூண்டு கட்டினார். அவன் ராத்திரியில் ஊளையிடுவான். பக்கத்துக் கிடங்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஊளையிடும்போதெல்லாம் லாரி கழுவும் குழாயை அவன்மேல் திருப்பி அடித்தார் அப்பா. குளிர்காலத்திலும். இரண்டு மாதத்தில் ஊளையிடுவதை விட்டுவிட்டான். ஒரு நாள் அப்பா குழாயை என் கையில் கொடுத்தார். நான் பிடித்தேன் அக்கா. கீழே போட்டிருக்கலாம். போடவில்லை.

சாப்பாடு போட்டது நான்தான். பள்ளி விட்டு வந்ததும், அலுமினியக் கிண்ணத்தில். போட்டுவிட்டுக் கூண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அவன் கம்பி வழியாக என் ஸ்வெட்டர் கையை இழுத்து வாயில் வைத்துக்கொள்வான். கடிக்க மாட்டான், சும்மா வைத்திருப்பான். கொஞ்ச நேரம் அப்படி வைத்திருந்த பிறகுதான் சாப்பிடுவான். யோசித்துப் பார்த்தால் அப்படி வைத்திருக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

அதனால் ஸ்வெட்டரை இத்துடன் அனுப்புகிறேன். துவைக்கவில்லை. இடது கையில் ஓட்டைகள் இருக்கும், அவை அவன் போட்டவைதான்.

படத்தை எடுத்தது வெல்டர் அண்ணனின் போனில். ஒன்பது வருடமாக அப்பாவோடு வேலை செய்கிறவர். பாடம் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். திருப்பிக் கொடுக்கும்போது அவர் என்னையே பார்த்தார்.

டயர் பக்கம் நின்றவள்


நவம்பர் 27

தங்கச்சிக்கு,

எண் பதினேழு, ஒன்றரைக் கிலோ, மிச்சம் இல்லை!

இதை எழுதும்போது நான் இறைச்சி வெட்டும் அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் எனக்கும் ஒரு எண் கொடுத்துவிடுவார்கள்.

நடந்தது இது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு விலங்குக்கு இன்னொன்றின் வாசனையைப் பழக்க வேண்டுமென்றால், சாக்குத்துணியை அதன்மேல் தேய்த்துக் கொண்டுவந்து, வலைக்கு வெளிப்பக்கம் கட்டுவோம். வெளியே மட்டும். துணி எதுவும் உள்ளே போகக் கூடாது. உன் ஸ்வெட்டரையும் அப்படித்தான் கட்டினேன். அவன் நடையை நிறுத்தினான். வந்து மூக்கை வலையில் வைத்தான். ஒரு பகல் முழுவதும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் மூக்கின்மேல் தோல் கிழிந்து ரத்தம். வலையை நகத்தால் பிறாண்டியிருக்கிறான். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து உள்ளே போட்டுவிட்டேன்.

அதன்மேல் படுத்தான். அதன் கையை வாயில் வைத்துக்கொண்டான், நீ எழுதியிருந்தாயே, அப்படியே. பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டான். நான் மரத்துக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

எங்கள் பெரியவருக்கு இது தெரியாது. சரணாலயத்தை நடத்துகிறவர் அவர்தான், விதி என்றால் விதி. ஸ்வெட்டரைச் சாயங்காலம் மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிடுவேன்.

குழாயைப் பிடித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் உன் ஸ்வெட்டரின்மேல் படுத்திருக்கிறான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோந்து பள்ளி வாசலிலேயே கொடுத்துவிட்டாள். இருவரும் படித்துவிட்டுக் குதித்தோம். கணக்கு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார். கோந்துவின் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னோம். என்ன எடை என்று கேட்டார். கோந்து ஒன்றரைக் கிலோ என்று சொல்லிவிட்டாள். பாவம் ஆசிரியை, முகம் வாடிவிட்டது. குழந்தைக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்.

ஆனால் இன்று நான் அதற்காக எழுதவில்லை.

போன வியாழக்கிழமை அப்பாவை வனத்துறையில் மறுபடியும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அது கேஸ் சிலிண்டர் இருக்கும் மூலையிலிருந்து எடுத்தது. அங்கே நின்று வேலை செய்வது வெல்டர் அண்ணன் மட்டும்தான். அப்பா வந்த வேகத்தில் வண்டியைக்கூட ஸ்டாண்ட் போடவில்லை, அது சரிந்து விழுந்தது. டிரைவர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அன்று பள்ளி விடுமுறை, நான் அம்மா கொடுத்த மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"நீதானடா?" என்று கேட்டார் அப்பா.

வெல்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். ஒரு நொடிகூட இருக்காது. பிறகு, "ஆமாண்ணே" என்றார்.

அப்பா அவரைக் கன்னத்தில் அறைந்தார். எல்லார் முன்னாலும். அவருக்கு என்னைவிடப் பெரிய மகள் இருக்கிறாள், அக்கா. அவர் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும்? சொன்னால் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டு அம்மாவும் அடிவாங்குவாள். சொல்லாவிட்டால் வெல்டர் அண்ணன்தான் காட்டிக்கொடுத்தார் என்று ஊரே நினைக்கும்.

ஸ்வெட்டர் எங்கே என்று அம்மா கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். "தலைய மட்டும் பத்திரமா வச்சிருக்கியே, அது கழுத்தோட ஒட்டியிருக்கிறதால" என்றாள். காலையில் குளிரத்தான் செய்கிறது. பரவாயில்லை.

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு எழுதுகிறேன், பேனா சத்தம் கேட்காமல் இருக்க. பேனாவுக்குச் சத்தம் இல்லை என்று தெரியும்.

நான்


டிசம்பர் 20

தங்கச்சிக்கு,

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. பெரியவருக்குப் பயந்து ஒரு ஸ்வெட்டரை ஜாக்கெட்டுக்குள் ஒளித்து எடுத்துப் போகிற நான் உனக்கு என்ன சொல்ல முடியும்? உன் வெல்டர் அண்ணனை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இவனைப் பற்றிச் சொல்கிறேன், அது எனக்குத் தெரியும்.

பக்கத்து அடைப்பில் ஒரு கிழட்டுப் பெண் ஓநாய் இருக்கிறாள். யாரையும் மதிக்க மாட்டாள், தலையைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பாள். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். முதல் வாரம் மேடம் இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வலையோரம் வந்து படுக்கிறாள். இவனும் அந்தப் பக்கம் போய்ப் படுக்கிறான். நடுவில் வலை, ஒரு சாண் இடைவெளி.

முந்தாநாள் மேடம் ஊளையிட்டாள். இவன் எழுந்தான். தலையைத் தூக்கினான், வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. உடனே ஓடிப்போய் மூலையில் உடம்பைச் சுருக்கி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். காதுகள் இரண்டும் பின்னால். எதற்கென்று உனக்குத் தெரியும். தண்ணீர் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தான்.

இப்போது ஏழு எட்டு நடக்கிறான். நேற்று மேட்டின்மேல் ஏறினான்.

ஸ்வெட்டரை ஒரு நாள் எடுத்துவைத்துப் பார்த்தேன். சாப்பாட்டைத் தொடவில்லை, பழையபடி நான்கு எட்டு. மறுபடி போட்டுவிட்டேன். இப்போது பகலிலும் அங்கேயேதான் கிடக்கிறது. இடது கையை இன்னும் கொஞ்சம் பிரித்திருக்கிறான்.

நீ குளிரில் பள்ளிக்குப் போகாதே. இத்துடன் என்னுடைய பழைய ஸ்வெட்டர் ஒன்று. உனக்குப் பெரிதாக இருக்கும், கையை மடித்துக்கொள். கோந்து கொடுத்தாள் என்று சொல்.

அக்கா


ஜனவரி 8

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் தொடைவரை வருகிறது. இறைச்சி வாசனை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு துவைத்தாள். எனக்குப் பிடித்திருக்கிறது.

வெல்டர் அண்ணனைப் பார்த்தேன். கேட் செய்கிற கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், சைக்கிளில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். நான் போய் நின்றதும், தீப்பொறி பறக்கும், தள்ளி நில் என்றார். நான் சொல்லிவிடுகிறேன் அண்ணா என்று ஆரம்பித்தேன், முடிக்க விடவில்லை.

"நீ படி பாப்பா. எனக்கு எங்க போனாலும் கம்பி இருக்கு, கேஸ் இருக்கு. உனக்கு வீடு அது ஒண்ணுதான்."

பிறகு, ஓநாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மேட்டில் ஏறினான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்தார். "அந்தக் கூண்டுக்கு வெல்டிங் அடிச்சது நான்தான?" என்றார்.

எனக்கு ஒரு யோசனை, அக்கா. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. கோந்துவின் மாமா வீடு உங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இருக்கிறதாம். அவளோடு அங்கே போவதாகச் சொல்லிவிட்டு வருகிறேன். நான் வலைக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன், பழையபடி. வேறு ஒன்றும் கேட்க மாட்டேன். ஐந்து நிமிடம் போதும். என்னை அவனுக்கு அடையாளம் தெரியுமா?

நான் வரலாமா? எழுதுங்கள். முப்பத்தேழு நாள் இருக்கிறது.

நான்


ஜனவரி 23

தங்கச்சிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் கோந்து இருக்கட்டும்.

சாம்பல் பத்தொன்பதாம் தேதி விடியற்காலையில் இறந்துவிட்டான். சிறுநீரகம் பழுது. இத்தனை வருடம் சரியான சாப்பாடு இல்லாமல் இருந்ததால் வந்தது, முன்பே உள்ளே இருந்திருக்கிறது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வலி தெரியவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டான். நான் கூட இருந்தேன்.

நீ வர வேண்டாம். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. நன்றாகப் படி.

அக்கா


பிப்ரவரி 1

அக்காவுக்கு,

ஒரு வாரமாக எழுத முயற்சி செய்கிறேன். வாளியில் உட்கார்ந்தால் அழுகை வருகிறது, சத்தம் வரக் கூடாது என்று வாயில் துண்டை வைத்துக்கொள்கிறேன். நேற்று அம்மா கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது எனக்காகத் தண்ணீர் வைத்திருந்தாள்.

யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அதை நிறைய தடவை படித்தேன். நான் ஒரு வருடம் முன்னாலேயே படம் அனுப்பியிருந்தால்? இரண்டு வருடம் முன்னால்? எங்கே அனுப்புவதென்று அப்போது தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தேடினால் கிடைத்திருக்கும். பயந்துகொண்டு தேடவில்லை.

நீங்கள் முதல் தடவையாக அவனைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததுமே, அடுத்த வரியைப் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு உதவி. என் ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்புவீர்களா? துவைக்காமல். அதில் அவன் வாசனை இருக்கும். புத்தகப் பைக்குள் வைத்துக்கொள்வேன், யாருக்கும் தெரியாது. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அது ஒன்றைத் தவிர அவனுடையது என்று என்னிடம் எதுவும் இல்லை.

நான்


பிப்ரவரி 10

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. எதையாவது சொல்லித் தட்டிக்கழிக்கலாம் என்று பார்த்தேன். எரித்துவிட்டோம், இங்கே அப்படித்தான் வழக்கம் என்று எழுதி உறையில்கூடப் போட்டேன். கிழித்துவிட்டேன்.

சிறுநீரகம் இல்லை. ஸ்வெட்டர்.

இடது கையைப் பிரித்தவன் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருக்கிறான். கம்பளி நூல் குடலுக்குள் போய் மாட்டிக்கொண்டால், நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கிவிடும். பதினைந்தாம் தேதி வாந்தி எடுத்தான். ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தேன், முழங்கைக்குக் கீழே இல்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டரிடம் சொன்னால் துணி எப்படி உள்ளே வந்தது என்று கேட்பார்கள். தானாக வெளியே வந்துவிடும், வந்துவிடும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் தேதி இரவு அவன் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் போய்ச் சொன்னேன். பதினெட்டு அன்று வயிற்றைத் திறந்தார்கள். குடல் பல இடத்தில் அறுந்திருந்தது. இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் விடியற்காலையில் இறந்தான். தூக்கத்தில் இல்லை. வலி இருந்தது. கூட இருந்தேன் என்று எழுதியது மட்டும் உண்மை.

நீ அனுப்பியது தப்பில்லை. நீ இங்கே வேலை செய்கிறவள் இல்லை. துணி உள்ளே போகக் கூடாது என்ற விதி எனக்குத்தான் தெரியும். இடது கை கிழிந்துகொண்டே வந்ததையும் நான்தான் பார்த்தேன், உனக்கு வேடிக்கையாக எழுதினேன். உள்ளே போட்டது நான். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். நீ உன்மேல் பழி போட்டுக்கொள்வாய் என்று பயந்து பொய் எழுதியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம்.

பெரியவர் என்னை ஓநாய்ப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். இப்போது ஆமைத் தொட்டி கழுவுகிறேன். ஆமைகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அது நல்லதுதான்.

மேடம் இன்னும் வலையோரம் வந்து படுக்கிறாள் என்று சொல்கிறார்கள்.

ஸ்வெட்டரில் ஒரு கையும் கழுத்தும் மிச்சம் இருக்கின்றன. வேண்டும் என்றால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அதையும் எழுது. ஒன்றும் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக் கழிப்பறையில் படித்தேன். கோந்து கதவுக்கு வெளியே நின்று, முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி உங்களைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். இரண்டு நாள், இரண்டு நாள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு இரண்டு நாளா என்று கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை. வெல்டர் அண்ணன் அறை வாங்கி அன்றோடு பத்து வாரம் ஆகியிருந்தது. நான்கு பக்கத்தையும் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றிவிட்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை, உங்களிடம் வருவதாக இருந்த நாளில், பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நான் அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். படம் அனுப்பியது நான், வெல்டர் அண்ணன் இல்லை, போன் மட்டும்தான் அவருடையது என்று. உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. நின்றதும் ஓடிவிடப் பார்த்தேன். ஆனால் ஆரம்பித்துவிட்டேன். அவன் செத்துப்போய்விட்டான், நான் அனுப்பிய ஸ்வெட்டரை விழுங்கிச் செத்துப்போய்விட்டான் என்றும் சொன்னேன்.

அப்பா வெளியே வரவில்லை. கால்களும் அசையவில்லை. ஒரு லாரி வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்பாவின் குரல் மாதிரியே இல்லை.

"அங்க சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டான்ப்பா. ஒன்றரைக் கிலோ. மிச்சம் வைக்கல. மேட்டு மேல எல்லாம் ஏறினான்."

அதற்குப் பிறகு அப்பா இந்த ஐந்து நாளும் என்னோடு பேசவில்லை. அடிக்கவும் இல்லை. பள்ளிக்குப் போகாதே என்று சொல்வார் என்று ஒவ்வொரு காலையிலும் காத்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. வெல்டர் அண்ணனிடம் போகவும் இல்லை. நான் போய்ச் சொன்னேன். அவர் முகமூடியைத் தூக்கவே இல்லை. "சரி, போ, நேரமாச்சு" என்றார்.

ஸ்வெட்டர் வேண்டாம், அக்கா. அனுப்பாதீர்கள்.

உங்களை வெறுக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் வெறுக்கிறேன். இன்று இல்லை. ஆனால் ஒரு விஷயம் கேட்க வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினேன். நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் நேற்று எடுத்து மறுபடியும் படித்தேன். ஒன்று பொய் என்று தெரிந்த பிறகு மற்றவற்றையும் எப்படிப் படிப்பதென்று தெரியவில்லை. மேடு, ஏழு எட்டு, மேடம், அந்த ஒரு சாண் இடைவெளி, எதை நம்புவது?

எல்லாவற்றையும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அன்று அவன் உண்மையிலேயே சாப்பிட்டானா? நான் அப்பாவிடம் சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டேன்.